பத்தாவது அளவு

நவம்பர் 5, ஞாயிறு

துறைக்கு எழுதும் டூர் டைரி வேறு, இது வேறு. அதில் நாள், நேரம், போன இடம், பார்த்த வேலை, ஓடிய கிலோமீட்டர். மற்றதெல்லாம் இதில். இருபத்தெட்டு வருஷமாக இரண்டையும் விடாமல் எழுதுகிறேன். என் மனைவி கோமதி கேலி செய்வாள், துறைக்குப் பொய்யும் வீட்டுக்கு மெய்யும் எழுதுகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று. கொஞ்ச நாளாக அந்தக் கேலியை அவள் செய்வதில்லை.

சென்னையில் ஐந்து நாள் பயிற்சி. பாலங்களில் கருவி பொருத்தி, அவற்றின் உடல்நிலையை எப்படிக் கவனிப்பது என்று. செங்கனாற்றுப் பாலம் விழுந்தாலும் விழுந்தது, கோட்டத்துக்கு ஒரு பொறியாளர் கட்டாயம் வரவேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டுவிட்டது. பாலம் விழுந்த கோட்டத்திலிருந்து நான். கடைசி நாள் ஆளுக்கொரு பாலத்தைப் பற்றிப் பேசவேண்டுமாம். என்னிடம் எந்தப் பாலத்தைக் கேட்பார்கள் என்பதற்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பாலத்தின் மூன்றாவது கண், இரண்டு தூணுக்கு நடுவிலுள்ள பகுதி, விழுந்தது. பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மேலே யாரும் இல்லை. கீழே சாலைப் பணியாளர் பேச்சிமுத்து மட்டும் இருந்தார்.

உதவிப் பொறியாளர் செல்வினைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். திங்கள்தோறும் அளவெடுக்கும் பணி அட்டவணையில் அவன் கையெழுத்து. தனி ஆளைக் கீழே அனுப்பியது, தப்பான அளவைப் பதிவேட்டில் ஏற்றியது, இரண்டும் அவன் தலையில். நான் அவனுக்கு மேலதிகாரி. விசாரணைக் குழுவுக்கு என் இறுதி வாக்குமூலம் 14ஆம் தேதிக்குள் போகவேண்டும்.

பேச்சிமுத்து கடைசியாகப் பேசியது என்னிடம். 6.20க்கு. விடுப்புக் கேட்டார் என்று டூர் டைரியில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். குழுவிடமும் அதையே சொன்னேன்.

பெட்டி கட்டும்போது அவர் மனைவி சந்தனமாரி போன் செய்தாள். எடுக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 6, திங்கள்

அறைத்தோழர் தருமபுரிக்காரர், பெயர் மாதையன். பெட்டியைத் திறக்கும் முன்பே தீபாவளிக்கு ஊர் திரும்ப டிக்கெட் கிடைக்காத கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டார். நல்ல மனுஷன். குறட்டைதான் ஜல்லி அரைக்கும் இயந்திரம்.

வகுப்பு எடுப்பவர் முனைவர் வசுந்தரா. நாற்பது வயதிருக்கும். கத்துவதில்லை, சிரிப்பதும் இல்லை. முப்பத்திரண்டு பொறியாளர்கள், பாதிப் பேர் அந்தம்மாவைவிட வயதில் மூத்தவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி அடங்கி உட்கார்ந்திருந்தோம்.

முதல் பாடம்: கருவி பொருத்திய அன்று எடுக்கும் அளவுதான் அடிப்படை. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஆனாலும் அந்த முதல் நாளோடுதான் ஒப்பிட வேண்டும். போன வாரத்தோடு ஒப்பிட்டால் எல்லாப் பாலமும் நன்றாகத்தான் இருக்கும் என்றார்.

எழுதிக்கொண்டேன். காப்பி நன்றாக இருந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

இன்று செய்முறை. ஒரு மாதிரி உத்திரத்தில் விரிசல் அளவி பொருத்தியிருந்தார்கள். நாங்கள் செங்கனாற்றுப் பாலத்துக்கு அடியில், தூண் பக்கம் வைத்த அதே வகை. உள்ளங்கை அகலப் பெட்டி, சின்னத் திரை, பக்கத்தில் சீரோ பொத்தான். அதை அமுக்கினால் திரையில் என்ன இருந்தாலும் 0.0 ஆகிவிடும். வசுந்தரா அந்தப் பொத்தான்மேல் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். மதியம் மாதையன் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறேன் என்று பிளாஸ்திரியோடு சேர்த்து அமுக்கிவிட்டார். காலையிலிருந்து எடுத்த அளவெல்லாம் போயிற்று. அந்தம்மா திட்டவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வைத்தார். மாதையனை எல்லாரும் 'சீரோ சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பினார். நான் கூப்பிடவில்லை.

எங்கள் கோட்டத்தில் சீரோ பழக்கம் எப்படி வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஜூலை ஆரம்பத்தில் கருவி வைத்தபோது மத்தியான வெயிலில் அளவு ஏறும், சாயங்காலம் இறங்கும். கருவி விற்றவரின் ஆள் வந்து பார்த்து, காலையில் ஒரு தடவை சீரோ செய்தால் சரியாகிவிடும் என்றான். செய்தோம். சரியாகிவிட்டது. அப்புறம் வாரம் ஒருமுறை அளவெடுத்ததும் சீரோ செய்யச் சொன்னேன். அறிக்கையில் விரிசல் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். சிவப்பானால் விளக்கக் கடிதம், கனரக வண்டிக்குத் தடை, மேலிடத்துப் பார்வை, அதற்குப் பதில், பதிலுக்குப் பதில். வாரந்தோறும் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. வாய்மொழியாகத்தான் சொன்னேன். எல்லாரும் செய்வதுதான். மாதையனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், அவர்கள் பக்கமும் உண்டாம்.

பேச்சிமுத்து மட்டும் இரண்டு தடவை கேட்டார், ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டால் மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று எப்படித் தெரியும் என்று. அவர் பத்தாம் வகுப்பு. நான் முதுநிலைப் பொறியியல். சொன்னதைச் செய்யும் என்றேன்.

சாயங்காலம் செல்வின் பேசினான். அந்தத் திங்கட்கிழமை அவன் ஊரிலேயே இல்லை, அக்காள் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு நாசரேத் போயிருந்தான். மூன்றாம் தடவையாக அதையே சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, "சார், பாலத்துக்குக் கீழ சிக்னல் கிடையாது. அண்ணன் உங்ககிட்ட மேல நின்னுதான் பேசிருக்கணும். லீவுதானா சார் கேட்டாரு?" என்றான்.

ஆமாம் என்றேன். வாட்ஸ்அப்பில் புதிய படங்கள் அனுப்பியிருப்பதாகவும், ஆற்றில் தண்ணீர் வற்றிய பிறகு எதிர்க்கரையிலிருந்து எடுத்தவை என்றும், ஏதாவது உதவுமா பாருங்கள் சார் என்றும் சொன்னான். சரி என்றேன்.

நவம்பர் 8, புதன்

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. பயிற்சி நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை இருக்கிறது.

அங்கே வரிசையில் நிற்கும்போது சந்தனமாரி கூப்பிட்டாள். எப்படியோ எடுத்துவிட்டேன்.

"சார், பேச்சிமுத்து வீட்டுக்காரி பேசுதேன். ஒரே ஒரு சங்கதி கேக்கணும். அவிய எதுக்கு சார் லீவு கேட்டாவ?"

வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தேன். அவளே பேசினாள். இருபத்தோரு வருஷ வேலையில் அந்த மனுஷன் லீவு போட்டது இரண்டே தடவையாம். மகள் பிறந்தபோது ஒன்று, தாயார் செத்தபோது ஒன்று. அப்படிப்பட்டவர் திடீரென்று லீவு கேட்டார் என்றால் என்னவோ இருந்திருக்கிறது. டிரங்குப் பெட்டி, சட்டைப் பை, சைக்கிள் பை எல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குப் போய் இந்தப் பெயரில் சீட்டு ஏதும் போட்டிருக்கிறதா என்று விசாரித்திருக்கிறாள். கோவில்பட்டி மதினியிடம் கேட்டிருக்கிறாள், மகளிடம் கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"ஒடம்புக்கு முடியலன்னு எதும் சொன்னாவளா சார்?"

காரணம் எதுவும் சொல்லவில்லையம்மா என்றேன். அது உண்மைதானே. காரணம் அவர் சொல்லவில்லை.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். திரும்பப் போய் வாங்கினேன்.

நவம்பர் 9, வியாழன்

காலை வகுப்பு வெப்பநிலைத் திருத்தம் பற்றி. வெயிலால் வரும் ஏற்ற இறக்கத்தை எப்படிக் கணக்கில் கழிப்பது என்று இருபது நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்தார். இருபது நிமிஷம். கருவியைத் தொடவே வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர் போதும்.

மதியம் நாளைய பேச்சுக்குத் தயார் செய்தேன். தலைப்பு, 'கருவிகளின் வரம்புகள்: ஓர் அனுபவம்'. கருவி வைத்தும் பாலம் விழுந்தது, ஆகவே கருவியை மட்டும் நம்பக்கூடாது. கேட்பதற்குக் கௌரவமாக இருக்கிறது.

பதிவேட்டிலிருந்து வாராந்தர அளவுகளை எடுத்து அட்டவணை போட்டேன். ஜூலை 10 முதல் செப்டம்பர் 4 வரை ஒன்பது. 0.2, 0.2, 0.3, 0.4, 0.4, 0.6, 0.7, 0.9, 1.1. எதுவும் 2-ஐத் தொடவில்லை. இதைத்தான் குழுவிடமும் காட்டினேன்.

அட்டவணைக்குக் கீழே ஒரு வரி காலியாகக் கிடந்தது. கூட்டிப் பார்த்தேன். இந்த இரண்டு மாதத்தில் ஒருமுறைகூடக் கூட்டிப் பார்க்காத கணக்கு.

4.8.

ஆகஸ்ட் 14 அன்றே 2-ஐத் தாண்டியிருக்கிறது. பாலம் விழ அப்போது இன்னும் நாலு வாரம் இருந்தது. நாலு வாரமாக மணல் லாரியும் பள்ளிக்கூட பஸ்ஸும் அதன்மேல் போய் வந்திருக்கின்றன, நானும் ஜீப்பில் இரண்டு தடவை போயிருக்கிறேன்.

அந்த வரியை அழித்துவிட்டேன். நாளைக்கு அட்டவணை மட்டும் போதும்.

செல்வின் அனுப்பிய படங்களில் ஒன்றைக் கடைசிப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். விழுந்த கண்ணும் பக்கத்தில் நிற்கும் தூணும் நன்றாகத் தெரிகிற படம்.

நவம்பர் 10, வெள்ளி

மதியம் சாப்பிடவில்லை. மாதையன் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார், மூடி வைத்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் முறை பதினொன்றே காலுக்கு. பேசினேன். கருவிகளின் வரம்புகள். அட்டவணை. யாரும் எதுவும் கேட்கவில்லை, பாலம் விழுந்த மனுஷனிடம் என்ன கேட்பது என்ற மரியாதைதான் காரணம். கடைசிப் படத்தைப் போட்டேன். அறையின் சுவர் முழுக்க விரிந்தது. என் போனில் சுண்டுவிரல் அளவு இருந்த தூண், ஆள் உயரத்துக்கு நின்றது.

வசுந்தரா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"சார், தூண்ல ஏதோ எழுதியிருக்கே. கொஞ்சம் பெருசு பண்றீங்களா?"

பெரிதாக்கினேன். தூணின் மேற்குப் பக்கம், ஆள் கைக்கு எட்டும் உயரத்தில், வெள்ளைப் பெயின்டில் எண்கள். ஒன்றன்கீழ் ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொரு எண். விசாரணைக் குழு வந்தபோது அந்தப் பக்கம் தண்ணீர், யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. நான் அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை.

கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் சாலையில் அத்தனை கிலோமீட்டர் கல்லிலும் இருக்கிற எழுத்து அது. 4-க்குக் காலை நீட்டிவிடுவார். கல்லுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்.

வசுந்தரா சத்தமாகப் படித்தார். 0.2, பக்கத்தில் 0.2. 0.2, பக்கத்தில் 0.4. 0.3, பக்கத்தில் 0.7. அப்படியே கீழே வந்தார். நாங்கள் அழித்ததை எல்லாம் அவர் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஒன்பதாவது வரி 1.1, பக்கத்தில் 4.8. நான் நேற்று எழுதி அழித்த எண்.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. 1.9, பக்கத்தில் 6.7. அதன் கீழே இரண்டு கோடு.

"இவர்தான் சார் முறையாக் கண்காணிச்சிருக்கார். யார் இவர்?" என்றார் வசுந்தரா.

சாலைப் பணியாளர் என்றேன். பேச்சிமுத்து. இறந்துவிட்டார்.

அந்தம்மா திரையைப் பார்த்தபடியே நின்றார். "பதிவேட்டுல ஒன்பது, இங்கே பத்து. அப்ப கடைசி அளவு அன்னைக்குக் காலையில எடுத்தது. எழுதி முடிச்சதுமே விழுந்திருக்கு, பாவம்."

எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். மாதையன் எனக்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரி ஜன்னலில் சீட்டுத் தேடி நின்ற சந்தனமாரியை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடச் சரியில்லை, இரண்டு நாளாக அவள் அங்கேயேதான் நிற்கிறாள்.

"இல்ல மேடம்," என்றேன். "எழுதி முடிச்சு மேல வந்துட்டார். மேல நின்னுதான் எனக்குப் போன் பண்ணினார். நான்தான் திரும்பக் கீழ அனுப்பினேன்."

எதற்கு என்று கேட்டார்.

"சீரோ பண்றதுக்கு."

செவ்வாய்க்கிழமை சிரித்தவர்கள் யாரும் இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாதையன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசுந்தரா, இதை எழுதிக் கொடுப்பீர்களா சார் என்று மட்டும் கேட்டார். கொடுப்பேன் என்றேன்.

வெளியே வந்து செல்வினைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதான் என்று நினைக்கிறேன். பிறகு, "இதை நீங்க அன்னைக்கே சொல்லிருக்கலாமே சார்" என்றான். வைத்துவிட்டான். அவனுக்குப் பத்து வருஷம் மேலதிகாரியாக இருந்திருக்கிறேன், அவன் எனக்கு முன்னால் போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 11, சனி

ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. கோமதிக்குப் போன் செய்து சொல்லிவிட்டு நேரே பஸ் பிடித்தேன். நேற்றே அவளிடம் போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். "போயிட்டு வாங்க" என்றாள்.

பஸ் முழுக்கத் தீபாவளிக் கூட்டம், பட்டாசுப் பை, பலகாரத் தூக்கு. பாலம் இல்லாததால் எட்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் துறையைத் திட்டிக்கொண்டே வந்தான்.

அந்தத் தெருவில் அவர்கள் வீட்டில் மட்டும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சந்தனமாரி வாசலில் நின்று பேசினாள். உள்ளே சுவரில் படம் மாட்டி மாலை போட்டிருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்த படம். மூலையில் வெள்ளைப் பெயின்ட் டப்பா, மேலே பிரஷ் காய்ந்து கிடந்தது. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

லீவு கேட்கவில்லையம்மா என்றேன். அது நான் சொன்ன பொய்.

அவள் முதலில் கேட்டது, "அப்பம் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

இல்லை என்றேன். அப்படியே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்ததும் மீதியைச் சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. இதையும் எழுதிவிடுகிறேன், தோன்றியது.

சொன்னேன். அளவு கூடியிருந்ததையும், அவர் மேலே வந்துவிட்டதையும், திரும்ப இறங்கச் சொன்னது நான் என்பதையும். அன்றைக்குள் அறிக்கை போகவேண்டும் என்று அவசரப்பட்டதையும்.

பக்கத்து வீட்டில் யாரோ முறுக்குப் பிழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வேண்டாம்னு சொன்னாவளா சார்?"

"சொன்னாரும்மா."

"சொல்லிருப்பாவ." தலையை ஆட்டினாள். "எங்கிட்ட எதையோ மறைச்சிட்டுப் போயிட்டாவளேன்னு ரெண்டு மாசமா அவியள ஏசி வஞ்சிக்கிட்டே கெடந்தேன் சார். படத்தப் பாத்து வஞ்சேன். காரியத்தன்னைக்குக்கூட வஞ்சேன்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. உள்ளே போனாள். படத்தின் முன்னால் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். எனக்குக் கேட்கவில்லை, கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றேன். பிறகு மகள் வந்து, அம்மா உங்களைப் போகச் சொல்கிறாள் என்றாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கோமதி எண்ணெய் தேய்த்துவிட்டாள். தலையில் கை வைத்தபடி அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

நவம்பர் 14, செவ்வாய்

வாக்குமூலம் கொடுத்தாயிற்று. நாலு பக்கம். சீரோ பழக்கம் என் வாய்மொழி உத்தரவு, செல்வினுக்கு இதில் பொறுப்பில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். தூணின் படத்தை இணைத்தேன். வாங்கிக்கொண்ட அதிகாரி படித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், யோசித்துத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அலுவலகச் சாவியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எப்படியும் கேட்பார்கள்.

செப்டம்பர் மாத டூர் டைரியைக் குழு நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை என்னிடமே திருப்பியிருந்தது. டூர் டைரியில் எழுதியதை முழுசாக அழிக்கக்கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக்கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பம் இடவேண்டும். செல்வினுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அப்படியே செய்தேன். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இனி இரண்டு டைரியிலும் ஒன்றே இருக்கட்டும்.

செப்டம்பர் 11, திங்கள். காலை 6.20. செங்கனாற்றுப் பாலத்தின் மேலிருந்து சாலைப் பணியாளர் பேச்சிமுத்து பேசினார். இந்த வாரம் 1.9, மொத்தம் 6.7 என்றார். மொத்தத்தை யார் கேட்டது என்றேன். தூணில் சத்தம் கேட்கிறது, இன்றைக்கு சீரோ செய்ய வேண்டாம் சார், நீங்கள் வந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார். செய்துவிட்டு வாரும் என்றேன். சரி சார் என்றார்.